யானைப் பசிக்குச் சோளப்பொரி

கடிதம் டைப் செய்தால் ஒழுங்காக வேலை செய்கிறது. பாட்டுப் போட்டால் பாடுகிறது. ஆனால் பையன் வீடியோ கேம் ஆரம்பித்த மூன்றாவது நிமிடம் திரை கறுத்துவிடுகிறது. எச்சரிக்கை கிடையாது, பிழைச் செய்தி கிடையாது. அடுத்த நொடி, ஒன்றுமே நடக்காதது போலக் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி உயிர் பெறுகிறது.

புது தில்லி மந்திர் மார்க்கை ஒட்டிய அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றில் இப்படி ஒரு கம்ப்யூட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது கோவையில் இருந்தாலும் தாராவியில் இருந்தாலும் கதை மாறாது. வீட்டின் மூத்த பெண் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்குத் தர வேண்டிய புராஜெக்ட் முழுவதும் அதன் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. நான்கு வருடம் பழைய மெஷினில் தம்பிக்காக இரண்டு மாதம் முன்பு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு பொருத்தினார்கள். தொல்லை தொடங்கியதும் ஏறக்குறைய அப்போதுதான். ஆனால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

இதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே வரிசையில் நடக்கும். முதலில் பழி வைரஸ் மீது விழும். விண்டோஸைப் புதிதாகப் போடுவார்கள். இரண்டு நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றும். அடுத்தது ராம். அதை மாற்றியும் பலன் இருக்காது. கடைசியில் ரிப்பேர் செய்பவர் கையை விரிப்பார்: ‘போர்டு போய்விட்டது.’ சில ஆயிரங்கள் செலவில் புது மதர்போர்டு வரும். பழைய ப்ராசஸர் அதில் உட்காராது என்பதால் புது ப்ராசஸரும் வரும். எல்லாம் பொருத்தி முடித்து மறுபடி கேமைத் தொடங்கினால் மூன்றாவது நிமிடம் திரை கறுக்கும்.

இத்தனை அமர்க்களத்திலும் யாரும் திரும்பிப் பார்க்காத பெட்டி ஒன்று கேபினெட்டின் மூலையில் இருக்கிறது. சுவரிலிருந்து வரும் ஒயர் நுழைவதும், மற்ற எல்லா உறுப்புகளுக்கும் ஒயர்கள் கிளம்புவதும் அங்கிருந்துதான். கடைக்காரர்களின் மொழியில் அதன் பெயர் எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் உறுப்புகளிலேயே மலிவானவற்றில் ஒன்று. பல சமயம் கேபினெட்டோடு ‘இலவசமாக’ வருவது. கம்ப்யூட்டர் வாங்கும்போது ப்ராசஸரின் தலைமுறை, ராமின் அளவு எல்லாம் விசாரிப்பவர்கள் இதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. சமையலறையில் எத்தனை பேருக்கு அரிசி இருக்கிறது என்று பாராமல் பந்திக்கு ஆள் அழைப்பது போன்றது இது.

அந்தப் பெட்டியின் வேலை எளிதல்ல. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றுகிறது. பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை நறுக்கி, உள்ளங்கையில் அடங்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்குகிறது. வெளியே வருவது முக்கியமாக மூன்று: 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட். இப்படி நறுக்காமல் இதே வேலையைப் பழைய முறையில் செய்வதென்றால் செங்கல் போல் கனக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் நறுக்கும் முறையில் மின்வழங்கியை வடிவமைத்தார். பெட்டி சிறிதாகவும் சூடு குறைவாகவும் இருந்ததற்கு அது ஒரு காரணம்.

மின்சாரம் போதாத கம்ப்யூட்டர் என்பதும் புது வியாதி அல்ல. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியபோது அதற்குள் இருந்த மின்வழங்கியின் திறன் 63.5 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றுக்குத் தேவையான அளவு. ஃப்ளாப்பி டிரைவோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு அது போதும். ஆனால் கார்டுகள் செருக ஐந்து ஸ்லாட்டுகள் இருந்தன. ஸ்லாட் இருந்தால் மனிதன் சும்மா இருப்பானா? ஹார்ட் டிஸ்க் வாங்கிப் பொருத்த முயன்றவர்கள் மின்வழங்கியையும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது. ஐ.பி.எம்மும் பாடம் கற்றது. 1983இல் ஹார்ட் டிஸ்க்கோடு வந்த எக்ஸ்.டி. மாடலில் 130 வாட். 1984இல் வந்த ஏ.டி. மாடலில் 192 வாட். மூன்று வருடத்தில் மூன்று மடங்கு. அன்றிலிருந்து இன்று வரை கதை அதேதான்: பெட்டிக்குள் சாப்பிட ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், பரிமாறுகிறவர் மட்டும் பழைய ஆள்.

நடுவில் இன்னொரு மாற்றமும் நடந்தது. தொடக்கக் காலக் கம்ப்யூட்டர்களில் பெரும்பகுதி மின்சாரம் 5 வோல்ட்டில்தான் செலவானது. 1995இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற பொது அளவீட்டைக் கொண்டுவந்தது. 2000இல், பென்டியம் 4 காலத்தில், ப்ராசஸருக்கென்றே தனியாக நான்கு முனை கொண்ட 12 வோல்ட் இணைப்பு சேர்ந்தது. 2003இல் மதர்போர்டின் முக்கிய இணைப்பு 20 முனையிலிருந்து 24 முனை ஆனது. அதாவது, இன்று ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு ஆகிய இரண்டு பெருந்தீனிக்காரர்களும் உண்பது 12 வோல்ட்டை. மற்ற இரண்டு வோல்டேஜ்களும் ஊறுகாய் மாதிரி. மலிவான எஸ்.எம்.பி.எஸ். வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான்.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘450’ என்று இருக்கும். அதை நம்பி வீட்டுக்கு எடுத்து வருகிறோம். உண்மை அதே பெட்டியின் பக்கவாட்டில், பொடி எழுத்தில் ஓர் அட்டவணையாக ஒட்டப்பட்டிருக்கிறது. நம் உதாரணக் கம்ப்யூட்டரில் அந்த அட்டவணை இப்படி இருப்பதாகக் கொள்வோம்: 3.3 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 25 ஆம்பியர், 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. 66, 125, 192. கூட்டினால் 383. எஞ்சிய சில்லறை இணைப்புகளைச் சேர்த்தாலும் 400ஐத் தொடாது. 450 எங்கிருந்து வந்தது என்பது அச்சடித்தவருக்கே வெளிச்சம். மேலும், மூன்றையும் ஒரே நேரத்தில் முழு அளவில் எடுக்க முடியாது என்பதைப் பல லேபிள்கள் இன்னும் பொடி எழுத்தில் சொல்லும். நமக்கு வேண்டியது ஒரே எண்: 12 வோல்ட்டில் 192 வாட்.

இனி சாப்பிடுபவர்கள் பக்கம். ப்ராசஸரின் அட்டையில் 65 வாட் என்று இருக்கும். வேகமெடுக்கும்போது பல ப்ராசஸர்கள் அதைத் தாண்டும், 90 என்று வைப்போம். கிராஃபிக்ஸ் கார்டு 120. ஹார்ட் டிஸ்க், விசிறிகள், மற்றவை 25. மொத்தம் 235. கிடைப்பது 192. டைப் செய்யும்போது இதே கம்ப்யூட்டர் 50 வாட்டைச் சுற்றித்தான் செலவழிக்கும். அதனால்தான் கடிதம் டைப் செய்தால் ஒழுங்காகவும் கேம் ஆடினால் முரண்டு பிடித்தும் நடந்துகொள்கிறது. இது பைத்தியம் அல்ல, பசி.

பசி எப்படி மறு தொடக்கமாக மாறுகிறது? எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குச் செல்லும் ஒயர்களில் சாம்பல் நிற ஒயர் ஒன்று உண்டு. அதன் வழியே போவது சாப்பாடு அல்ல, ஒரு சேதி: ‘இங்கே எல்லாம் நலம்.’ இந்தச் சேதி இருக்கும் வரைதான் மதர்போர்டு வேலை செய்யும். தேவை கூடி வோல்டேஜ் தொய்ந்தால் சேதி அறுபடும். மதர்போர்டு உடனே எல்லாவற்றையும் நிறுத்தித் திரும்ப ஆரம்பிக்கும். சுமை போனதும் வோல்டேஜ் நிமிர்ந்துவிடுவதால் கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாக எழுந்து வரும். சில நல்ல எஸ்.எம்.பி.எஸ்களில் இன்னொரு காவலும் உண்டு. அளவு மீறினால் மொத்தமாக அணைந்துவிடும். சுவர் ஸ்விட்சை அணைத்துச் சிறிது நேரம் கழித்துப் போட்டால்தான் எழும். ஆகவே தானாக எழுந்தால் தொய்வு என்றும், எழாமல் கிடந்தால் காவல் விழுந்திருக்கிறது என்றும் முதலில் சந்தேகிக்கலாம்.

பெரிய அளவில் இதை வட இந்தியா பார்த்திருக்கிறது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு மின்தொகுப்பு அடுத்தடுத்து விழுந்தது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. தில்லி மெட்ரோ சுரங்கத்தில் நின்றது. அன்று மின் நிலையங்கள் வெடித்துச் சிதறிவிடவில்லை. வழித்தடம் ஒன்றில் சுமை எல்லை மீறியதாகத் தோன்றியதும் காவல் கருவிகள் தங்கள் வேலையைச் செய்தன. வெளிச்சம் போனது, சாதனங்கள் பிழைத்தன. மூலையில் இருக்கும் பெட்டி அணையும்போதும் அப்படித்தான். அணைவது குற்றமல்ல, தற்காப்பு. பயப்பட வேண்டியது, அணைய வேண்டிய நேரத்தில் அணையாமல் புகையும் மலிவுப் பெட்டிக்கு.

ஆனால் திடீரென்று அணையும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பசியால் அணைவதில்லை. குறி தெரிந்து பார்க்க வேண்டும். நீலத் திரையில் ஏதாவது செய்தி வந்து பிறகு நின்றால் முதல் சந்தேகம் ராம் அல்லது டிரைவர் மென்பொருள். செய்தியே இல்லாமல் சட்டென்று கறுத்தால் மின்சாரம் பக்கம் திரும்பலாம். வேலை தொடங்கிப் பத்து, பதினைந்து நிமிடம் விசிறி இரைந்து, பிறகு அணைந்தால் சூடு காரணமாக இருக்கலாம். வெப்பம் காட்டும் இலவச மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன, பார்த்துவிடலாம். வேலை உச்சத்துக்குப் போகும் அந்த நொடியிலேயே விழுந்தால் பசி. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ‘கெர்னல்-பவர் 41’ என்று ஒரு வரி இருக்கும். பலர் இதைப் பார்த்ததும் நோய் தெரிந்துவிட்டதாக மகிழ்கிறார்கள். ‘முறையாக மூடப்படாமல் மறுபடி தொடங்கியது’ என்பதுதான் அதன் பொருள். மரணச் சான்றிதழ் மாதிரி, ஆள் போனதைச் சொல்லும். எதனால் போனார் என்பதைச் சொல்லாது.

சுவர் மின்சாரத்தையும் விசாரித்துவிட வேண்டும். மந்திர் மார்க் பகுதிக்கு மின்சாரம் தருவது புது தில்லி நகராட்சிக் கவுன்சில். 2002இல் தில்லியின் மற்றப் பகுதிகளில் மின் விநியோகம் தனியாருக்குப் போனபோதும் இந்தப் பகுதி கவுன்சிலிடமே இருந்தது. எங்கே இருந்தாலும் சோதனை ஒன்றுதான்: கம்ப்யூட்டர் விழும் நொடியில் அறையின் விளக்கு மங்குகிறதா? மங்கினால் கோளாறு வெளியே. மங்காவிட்டால் உள்ளே. நடுவில் யு.பி.எஸ். இருந்தால் அதையும் கூண்டில் ஏற்ற வேண்டும். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்களில் பல 360 வாட்தான் தாங்கும். பேட்டரி பழசானால் மின்வெட்டின் முதல் நொடியிலேயே கையை விடும். ஒரு நாள் அதை விலக்கி நேராகச் சுவரில் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது என்று எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றுபவர்களும் உண்டு. மூன்று முனை பிளக்கில் எர்த் முனை ஒழுங்காக இணைக்கப்படாத வீடுகளில் இது சகஜம். பெட்டிக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் இரண்டு சிறு கெபாசிட்டர்கள் கசியும் மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பப் பார்க்கும். எர்த் இல்லையென்றால் கேபினெட்டின் தகட்டில் பாதி வோல்டேஜ் வந்து நிற்கும். மாற்ற வேண்டியது பெட்டியை அல்ல, வீட்டு ஒயரிங்கை. இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இத்தனையும் விலக்கியபின் பெட்டியின் முறை. முதல் சோதனைக்குக் காசு வேண்டாம். சமீபத்தில் சேர்த்ததைக் கழற்றுங்கள். ப்ராசஸரிலேயே படம் காட்டும் வசதி இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டு, கூடுதல் ஹார்ட் டிஸ்க்கின் ஒயரையும் பிடுங்கிவிட்டு, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். தொல்லை நின்றால் சுமைதான் காரணம் என்பது ஏறக்குறைய உறுதி. அந்த இரண்டு நாளில் மூத்த பெண்ணின் புராஜெக்டை வேறு இடத்தில் பிரதி எடுத்து வைப்பது எல்லாவற்றையும் விட முக்கியம். எழுதிக்கொண்டிருக்கும்போது திரும்பத் திரும்ப மின்சாரம் அறுபட்டால் ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகள் சிதையும். மதர்போர்டு கடையில் கிடைக்கும், புராஜெக்ட் கிடைக்காது.

இரண்டாவது சோதனைக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். பழைய மாதிரி நான்கு முனை இணைப்பு ஒன்று பயன்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அதில் மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு இரண்டும் பூஜ்யம். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது ஒரு முறை, கேம் ஓடும்போது ஒரு முறை அளக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் ஐந்து சதவீதம். மஞ்சளில் 11.4க்குக் கீழே, சிவப்பில் 4.75க்குக் கீழே இறங்கினால் பெட்டி தோற்றது. சும்மா இருக்கும்போது 12.1 காட்டியது வேலையின்போது 11.3 ஆனால் வேறு சாட்சி வேண்டாம். ஆனால் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டினால் பெட்டி நிரபராதி என்று விடுவித்துவிடவும் கூடாது. மீட்டர் சராசரியைத்தான் சொல்லும். கிராஃபிக்ஸ் கார்டுகள் கண் இமைப்பதற்கும் குறைந்த நேரத்தில் இரு மடங்கு மின்சாரம் கேட்டுவிட்டு அடங்கும். அந்தச் சரிவு மீட்டருக்குத் தெரியாது, மதர்போர்டுக்குத் தெரியும். இந்தத் தொல்லை பெரிதானதால்தான் 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 அளவீடு, 450 வாட்டுக்கு மேற்பட்ட பெட்டிகள் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு இரு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும் என்று விதித்தது.

கடைகளில் செய்யும் ‘குண்டூசி சோதனை’யில் மயங்க வேண்டாம். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்தால் பெட்டியின் விசிறி சுற்றும். ‘பாருங்க சார், நல்லாத்தான் இருக்கு’ என்பார்கள். ஆள் எழுந்து நிற்கிறார் என்பதற்குத்தான் அது அத்தாட்சி. மூட்டை தூக்குவார் என்பதற்கு அல்ல.

கடைசிச் சோதனைதான் தீர்ப்பு. தெரிந்தவர் வீட்டிலிருந்து திறன் கூடிய நல்ல பெட்டி ஒன்றை ஒரு நாள் கடன் வாங்கிப் பொருத்திப் பார்ப்பது. அப்போது ஓர் எச்சரிக்கை: ஒயர்களைக் கழற்றி மாட்டும் வகைப் பெட்டி என்றால் அதன் சொந்த ஒயர்களையே பயன்படுத்த வேண்டும். முனை பொருந்துகிறது என்று வேறு பெட்டியின் ஒயரைச் செருகினால், உள்ளே வோல்டேஜ் இடம் மாறி ஹார்ட் டிஸ்க் ஒரே நொடியில் கருகும். இன்னொன்று: எந்தக் காரணத்துக்காகவும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பழைய பெட்டிகளின் பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அதையும் நோண்டக் கூடாது. நம் நாட்டில் அது 115இல் இருந்தால் பிளக்கைச் செருகியதும் பட்டாசு வெடிக்கும்.

புதிதாக எதையும் சேர்க்காத கம்ப்யூட்டரும் ஒரு நாள் பசியில் விழலாம். தீனி கூடவில்லை, பரிமாறுகிறவருக்கு வயதாகிவிட்டது. இங்கே மந்திர் மார்க்குக்கு ஒரு தனிப் பாத்திரம் உண்டு. பிர்லா மந்திரும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் இருக்கும் இந்தச் சாலையின் பெயர், குளிர்காலத்தில் வேறொரு காரணத்துக்காகச் செய்திகளில் அடிபடுகிறது. தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் காற்றுத் தர அளவு நிலையங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. அந்த நிலையம் அளக்கும் தூசியைத்தான் கம்ப்யூட்டர்களின் விசிறிகளும் நாள் முழுவதும் இழுத்து உள்ளே தள்ளுகின்றன. தூசி படிந்தால் சூடு வெளியேறாது. எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்குச் சூடு எமன். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. பெட்டியில் அச்சிட்ட திறனும் எந்த வெப்பநிலையில் என்பதைப் பொறுத்தது. 25 டிகிரியில் கிடைக்கும் திறன், மே மாதம் 45 டிகிரி வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் கிடைக்காது. ஜனவரிக் குளிரில் இதற்கு மறுபுறம்: காலையில் முதல் தடவை ஸ்விட்ச் போட்டால் எழாமல், இரண்டு மூன்று தடவைக்குப் பின் எழுந்தால், உலர்ந்துபோன கெபாசிட்டர்கள் காரணமாக இருக்கலாம்.

இது சில்லறைத் தொல்லை அல்ல. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தரமற்ற ரசாயனக் கலவையோடு தயாரான கெபாசிட்டர்கள் உலகம் முழுவதும் மதர்போர்டுகளிலும் மின்வழங்கிகளிலும் உப்பி வெடித்தன. பழுதான கம்ப்யூட்டர்களைச் சரிசெய்ய டெல் நிறுவனம் மட்டும் 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. சில காசு விலையுள்ள உறுப்பின் விளைவு அது.

புதுப் பெட்டி வாங்குவது என்று முடிவானால் தில்லிக்காரர்கள் நேரு பிளேஸ் போவார்கள். சென்னைக்கு ரிச்சி தெரு, மும்பைக்கு லாமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு. எங்கே போனாலும் முன்புற எண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டு அட்டவணையைப் படிக்க வேண்டும். மொத்தத் திறனில் பெரும்பகுதி 12 வோல்ட்டில் இருந்தால் அது இந்தக் காலத்துப் பெட்டி. நம் உதாரணத்தில் தேவை 235 வாட். அதோடு பாதியைச் சேர்த்து, 12 வோல்ட்டில் 350 வாட், அதாவது 30 ஆம்பியர் அளவில் தரும் பெட்டி நிம்மதி தரும். கையில் தூக்கிப் பார்ப்பதும் மோசமான சோதனை அல்ல. விலை குறைக்க உள்ளே எதையெதையோ விட்டுவிட்ட பெட்டி லேசாக இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஆறு முனை அல்லது எட்டு முனை இணைப்பு பெட்டியிலேயே இருக்க வேண்டும். ஆறு முனை 75 வாட்டுக்கு, எட்டு முனை 150 வாட்டுக்கு. ஹார்ட் டிஸ்க்குக்கான மெல்லிய இணைப்பிலிருந்து மாற்று ஒயர் போட்டு இழுத்தால் முனை உருகிய வாசனை ஒரு நாள் வரும்.

‘80 பிளஸ்’ முத்திரையைப் பலர் திறனின் அடையாளமாக நினைக்கிறார்கள். 2004இல் தொடங்கிய இந்தச் சான்று, வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் பயன்படுகிறது என்பதைச் சொல்வது. அச்சிட்ட திறனின் முழு அளவு வரை சுமை ஏற்றிச் சோதிப்பதால் அந்தத் திறன் பெரும்பாலும் உண்மையாக இருக்கும் என்பது ஒரு கூடுதல் லாபம்.

அதற்காக 1,000 வாட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவும் வேண்டாம். பெரிய பெட்டி போட்டால் மின் கட்டணம் ஏறும் என்பது தவறு. கேட்பதைத்தான் அது கொடுக்கும். ஆனால் டைப்பிங்கும் இன்டர்நெட்டும் மட்டும் உள்ள கம்ப்யூட்டருக்கு அது பணவிரயம். பெட்டியை மாற்றாமல் தப்பிக்கவும் ஒரு வழி உண்டு. தனி மின் இணைப்பு கேட்காமல், ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டுக்குள் வாங்கிக்கொள்ளும் கிராஃபிக்ஸ் கார்டுகள் கிடைக்கின்றன. தம்பியின் கேம் கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதான். அலுவலகங்கள் கழித்துவிட்டு, கடைகளில் புதுப்பித்து விற்கப்படும் பிராண்டட் கம்ப்யூட்டர்களை வாங்குபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அவற்றில் பலவற்றின் மின்வழங்கி 240 வாட்தான். அந்த 240 பெரும்பாலும் நிஜம் என்பதால் கடைத்தெரு ‘450’ஐ விட அதிகம் சுமக்கலாம். ஆனால் பெட்டியின் வடிவமும் முனைகளும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. வெளியில் வாங்கும் சாதாரணப் பெட்டி அதில் பொருந்தாமல் போகலாம்.

தவறாகச் ‘செத்தது’ என்று தீர்ப்பு எழுதப்பட்ட மதர்போர்டுகள் எங்கே போகின்றன? தில்லியில் பழைய மின்னணுப் பொருள்கள் பல கை மாறிச் சென்று சேரும் இடங்களில் ஒன்று கிழக்குப் பக்கம் உள்ள சீலம்பூர். அங்கே போர்டுகளைச் சுட்டும் உடைத்தும் உலோகம் பிரிக்கும் தொழிலாளர்கள் கைகளில் அந்தத் தவறான தீர்ப்பின் மிச்சம் போய்ச் சேருகிறது. வீட்டுக்குச் சில ஆயிரம் நஷ்டம், அவர்களுக்கு ஈயப் புகை.

இவ்வளவையும் தவிர்க்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. கடையில் பெட்டியைக் கையில் வாங்கியதும் ஒரு கேள்வி கேட்டால் போதும்: ‘12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்?’ பதில் சொல்பவரிடம் வாங்கலாம். ‘450 வாட் சார், போதும் சார்’ என்று மழுப்பினால் அடுத்த கடைக்கு நடக்கலாம்.